ஒட்டகச் சிலந்தியும் கருந்தேளும்

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களிடம் பெரியவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வெயில் எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். ஆனால் இப்போது வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் கேட்பது வேறு. "தாத்தா, நீங்க அங்க ஒட்டகச் சிலந்தி பாத்திருக்கீங்களா? ஆள் கால் உயரம் இருக்குமாமே?" என்று கேட்டுவிட்டு, செல்போனில் ஒரு படத்தையும் காட்டுவார்கள்.

அந்தப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இராக் போர் நடந்த சமயம், 2004 வாக்கில் உலகம் முழுக்கச் சுற்றிய படம். ஒரு பட்டாளத்துக்காரர் எதையோ தூக்கிப் பிடித்திருப்பார். அது அவர் தொடை நீளத்துக்குத் தொங்கும். உண்மையில் அதில் இருப்பது ஒன்றல்ல, ஒன்றையொன்று கவ்விக்கொண்ட இரண்டு. காமிராவுக்கு மிக அருகில் பிடித்ததால் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. நிஜத்தில் கால்களை விரித்தால்கூட ஒரு பெரிய ஆளின் கையை விரித்த அளவுக்குள்தான் இருக்கும்.

பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டல்ல, பல முறை. அதைப் பார்த்துப் பயந்தும் இருக்கிறேன். ஆனால் நாங்கள் பயந்த ஜந்து ஒன்று, எங்களில் ஒருவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோன ஜந்து வேறொன்று.

1983-ல் சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில் எனக்கு சர்வேயர் வேலை. ஹுஃபூஃபிலிருந்து தெற்கே ஹரத் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் கேம்ப். அதற்கும் தெற்கே போனால் ருப் அல் காலி என்கிற மகா பாலைவனம் ஆரம்பித்துவிடும். நாற்பது பேர் இருந்தோம். தமிழ், மலையாளம், உருது, வங்காளம் எல்லாம் ஒரே மெஸ்ஸில் கலந்து கேட்கும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. பாலக்காட்டார், லாகூர் பாய், தென்காசி என்று ஊர்தான் பெயர். எனக்கு ஸ்டாஃப் பிடித்தவர் ராமநாதபுரம் பக்கத்துப் பையன். இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஆறு மாதத்தில் விமானம் ஏறியவர். மனைவி அப்போது முழுகாமல் இருந்தார்.

மெஸ்ஸுக்கு வெளியே ஜெனரேட்டர் போட்டு எரிகிற குண்டு பல்பு ஒன்று உண்டு. ராத்திரி அதைச் சுற்றி விட்டில்கள் மொய்க்கும். அவற்றைத் தின்ன ஒட்டகச் சிலந்தி வரும். அது நடந்து வருவதில்லை. வைக்கோல் நிறத்தில் ஏதோ ஒன்று காற்றில் உருண்டு வருவதுபோல வரும், நிற்கும், மறுபடி பாயும். சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆறு பேரும் பெஞ்சின் மேல் ஏறி நிற்பார்கள். ஆறடி உயரமுள்ள லாகூர் பாய்தான் முதலில் ஏறுவார்.

கதைகளுக்கும் குறைவில்லை. தூங்குகிறவன் சதையை மரத்துப்போகச் செய்துவிட்டுத் தின்னுமாம். ஒட்டகத்தின் வயிற்றைக் கிழித்து உள்ளே போய்விடுமாம். குழந்தை மாதிரி அழுமாம். தலைமுடியைக் கத்தரித்துக் கூடு கட்டுமாம். புதிதாக வருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே இத்தனையையும் சொல்லி முடித்துவிடுவார்கள்.

என்னை அது துரத்தியது ஒரு காலை நேரத்தில். தியோடலைட் பெட்டியின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்தேன். அடியிலிருந்து பாய்ந்து நேராக என் காலை நோக்கி வந்தது. நான் இடது பக்கம் ஓடினேன், அதுவும் இடது பக்கம். வலது பக்கம் திரும்பினால் அதுவும் வலது பக்கம். எங்கள் கேம்ப் காவலாளி, அறுபது வயதைத் தாண்டிய பதூவி, மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தெரிந்த அரபியில் விளங்கிக்கொண்டது இதுதான்: "அதுக்கு நீ வேண்டாம். உன் நிழல்தான் வேணும். நில்லு."

நின்றேன். அதுவும் என் நிழலுக்குள் வந்து நின்றது. வெயில் சுட்டால் அதுவும் ஒதுங்க இடம் தேடும்தானே? காவலாளி ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தார். அது என்னை விட்டு அதன் அடியில் போய்விட்டது. "ஷபத்" என்று அதன் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த இனத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் 'சொலிஃபியூகே' என்ற லத்தீன் பெயருக்கே வெயிலை விட்டு ஓடுவது என்றுதான் பொருள். பெயரில் சிலந்தி இருந்தாலும் அது சிலந்தி இல்லை, வலை பின்னாது. சிலந்திக்கும் தேளுக்கும் அது பங்காளி. பார்க்கப் பத்துக் கால் மாதிரி இருக்கும். முன்னால் இருக்கிற இரண்டு கால்கள் அல்ல, தடவிப் பார்க்கும் உறுப்புகள். வாயில் ஒரு ஜோடி இடுக்கி. உடம்பு அளவுக்குப் பார்த்தால் மகா பலம். பிடித்தால் வலிக்கும், தோல் கிழியும். ஆனால் விஷம் கிடையாது. மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகம் ஓடும் என்கிறார்கள். அந்த ஓட்டம்தான் நம்மைக் கலங்கடிக்கிறது.

தேள் அப்படி ஓடாது. ஒளிந்திருக்கும். கேம்பில் அதைப் பற்றி ஒருவரும் கதை சொல்லவில்லை.

காவலாளி மட்டும்தான் அதைப் பற்றிப் பேசுவார். அதுவும் கதையாக இல்லை, கட்டளையாக. பூட்ஸைத் தட்டாமல் போடாதே. கண் போகாத இடத்துக்குக் கையை அனுப்பாதே. கல்லைப் புரட்டினால் உன் பக்கமாகப் புரட்டாதே. கட்டில் கால்களுக்கு அடியில் காலி நைடோ பால் பவுடர் டின் வைக்கச் சொன்னதும் அவர்தான். வழவழப்பான தகரத்தில் தேளால் ஏற முடியாது. அந்தப் பக்கத்துத் தேள்களில் அவர் மிகவும் எச்சரித்தது கறுப்பாக, வால் விரல் பருமனுக்கு இருக்கும் ஒன்றை. அறிவியலில் அதன் பெயர் ஆண்ட்ரோக்டோனஸ். கிரேக்கத்தில் ஆளைக் கொல்வது என்று அர்த்தம்.

1984 ஜூன் மாதம் ஒரு சாயங்காலம். வேலையை முடித்துக்கொண்டு சாமான்களை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மண்ணில் குவித்து வைத்திருந்த மரக் குச்சிகளை ராமநாதபுரத்துத் தம்பி இரண்டு கையாலும் அள்ளினார். "அண்ணே" என்று ஒரு சத்தம். குச்சிகள் கீழே விழுந்தன. வலது கை நடுவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். குச்சிகளுக்கு நடுவே அது வாலை மடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

முதலில் வலி மட்டும்தான். கால் மணி நேரத்தில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். அந்த ஜூன் மாதக் கொதிப்பில் அவர் கையும் காலும் ஐஸ் மாதிரி இருந்தன. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அப்படி ஓர் அடிப்பை நான் எந்த நெஞ்சிலும் உணர்ந்ததில்லை.

நாற்பது பேர் இருந்த கேம்பில் ஆம்புலன்ஸ் கிடையாது, மருந்து கிடையாது. இன்னும் இரண்டு கேம்ப் தாண்டித்தான் ஒரு கம்பவுண்டர். கம்பெனி அதிகாரியிடம் வயர்லெஸ்ஸில் கேட்டதற்கு, காலையில் வண்டி அனுப்புகிறேன் என்றார். காவலாளி வயர்லெஸ்ஸை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, பிக்கப் சாவியை எடுத்தார். விரலைக் கட்டப் போன பாலக்காட்டாரைத் தடுத்தார். கத்தியால் கீறப் போன இன்னொருவரைத் திட்டினார். சாலைக்குச் சுற்றிப் போகாமல் மண்ணுக்குள்ளேயே வண்டியை விட்டார். விளக்கு வெளிச்சத்தில் எனக்கு ஒரு தடமும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. இரண்டு மணி நேரம். தம்பி என் மடியில் தலை வைத்திருந்தார். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் சொன்னார். "ஊருக்கு எழுதிறாதீக அண்ணே."

ஹுஃபூஃப் ஆஸ்பத்திரியில் எகிப்து நாட்டு டாக்டர் ஒருவர் விஷமுறிவு மருந்தை ஏற்றினார். "கொட்டின இடத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, இதயத்தைப் பற்றித்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். விடிகிற வரைக்கும் மானிட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் நானும் காவலாளியும் உட்கார்ந்திருந்தோம். சுபஹு தொழுதுவிட்டு வந்து அவர் எனக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார். எட்டு மணிக்குத் தம்பி தண்ணீர் கேட்டார்.

மூன்றாம் நாள் கேம்புக்குத் திரும்பினார். அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கேசட் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் கடிதத்தோடு கேசட்டும் அனுப்புவோம், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்துக் கட்டிலில் படுத்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஒட்டகச் சிலந்தியைப் பற்றியே பேசினார். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும் என்றார். லாகூர் பாய் பெஞ்சில் ஏறியதை நடித்துக் காட்டினார். அண்ணனைத் துரத்தியது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். தேள் என்ற வார்த்தையே வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் ஊருக்கு எழுதியது அப்படித்தான். சிரித்துச் சொல்லக்கூடிய பயம் கடிதத்தில் போகும். நிஜப் பயம் கேம்பிலேயே தங்கிவிடும்.

நம் ஊரிலும் கதை இதேதான். கருகருவென்று பெரிய இடுக்கியோடு வரும் நட்டுவாக்காலியைக் கண்டால் தெருவே கூடிவிடும். அது கொட்டினால் வலிக்கும், பெரும்பாலும் அதோடு சரி. விரல் நீளச் செந்தேளை யாரும் மதிப்பதில்லை. உயிரைக் குடிக்கக்கூடியது அதுதான். 1798-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் அதற்கு வைத்த பெயரில் 'தமுலஸ்' என்று ஒரு சொல் உண்டு. நம் தமிழின் பெயர்தான். இடுக்கி பெருத்து வால் மெலிந்திருந்தால் பயம் குறைவு, இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் ஜாக்கிரதை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கொட்டு வாங்கியவர் இதை ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது.

மகாராஷ்டிராவில், மகாட் என்ற ஊரில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்று ஒரு டாக்டர். கொங்கண் கிராமங்களில் செந்தேள் கொட்டி வந்த ஏழைகள், குறிப்பாகக் குழந்தைகள், இதயம் பாதித்துக் கண் முன்னால் சாவதைப் பார்த்தவர். இரவும் பகலும் நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இந்த உயிர்களைக் காப்பாற்றும் என்று கண்டு, 1986-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த ஹுஃபூஃப் வராந்தாதான் நினைவுக்கு வந்தது.

வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கை கால் சில்லிடுவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மந்திரிக்கப் போகாதீர்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிதான். குழந்தை என்றால் அறிகுறிக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளைக்கு 2010-ல் கல்யாணம். பத்திரிகை வந்தது, போனேன். தம்பிக்குத் தலை நரைத்திருந்தது. பந்தியில் நின்று எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அவர் மனைவி பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, அந்த ஒட்டகச் சிலந்தி நெசமாவே தட்டு அகலம் இருக்குமா?"

"ஆமாம்மா, இருக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். "அந்தக் கேசட்டுல அவுக குரலே சரியில்ல. அரை மணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசுறாக, நடுவுல நடுவுல மூச்சு வாங்குது. என்னமோ நடந்திருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கேட்டா அவுக பொய் சொல்லணும்ல? அதான் இத்தனை வருசமாக் கேக்கல."

அதற்கு மேல் மறைக்க எனக்கு மனமில்லை. குச்சிக் கட்டிலிருந்து வராந்தா வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வண்டி ஓட்டுன அந்தப் பெரியவரு பேரு என்ன அண்ணே?"

சொன்னேன். நாக்குக்குப் பழக்கமில்லாத அந்தப் பெயரை இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.