கடல் பார்க்கப் போனோம்

எங்கள் பயணங்களுக்கு ஒரு வரைபடம் போட்டால், அது படுகொலைகளும் சூறையாடல்களும் நடந்த இடங்களின் வரைபடமாகத்தான் இருக்கும். கீழ்வெண்மணி, மேலவளவு, கொடியங்குளம், தாமிரபரணிக் கரை. மாணவர்களோடு இப்படிப் பத்து வருடமாகச் சுற்றுகிறோம். ஓர் ஊருக்கு ஏன் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் எங்களிடம் ஒரு தேதியும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் தயாராக இருக்கும். சும்மா ஓரிடத்துக்குப் போனதே இல்லை. பயணப்படி வாங்கும் படிவத்தில் 'நோக்கம்' என்றொரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட்டால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

போன டிசம்பர் 25-க்கும் வழக்கம்போல வெண்மணியில்தான் இருந்தோம். 1968-இல் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த இடம். நினைவிடத்தில் கூட்டம் முடிந்து, இரவு நாகப்பட்டினத்தில் ஒரு தோழரின் வீட்டில் தங்கினோம். சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரத்தில் முதலாமாண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, நாளைக்குக் கடலப் பாக்கப் போலாமா? ஆளே இல்லாத எடமா."

அவள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கடல் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் பார்த்ததில்லை. அவள் அம்மா இரண்டு முறை பார்த்திருக்கிறாராம். ஒரு முறை வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு, இன்னொரு முறை மாமனாரின் அஸ்தி கரைக்க. எங்களில் பதினோரு பேரிடமும் கேட்டுப் பார்த்தோம். கிட்டத்தட்ட எல்லாருக்கும் அதே கதைதான். கோயிலுக்கு, சாவுக்கு, இல்லையென்றால் கூலி வேலைக்கு. கடலைப் பார்ப்பதற்காகவே கடலுக்குப் போன வீடு எங்கள் தெருக்களில் அபூர்வம்.

மறுநாள் காலை வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குக் கிளம்பினோம். வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்துவந்த ராஜாஜி குழுவினர் உப்பெடுத்த இடம், நினைவுத்தூண் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் எல்லாரும் படித்ததுதான். அதே 1930-இல், தண்டி யாத்திரை கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், மார்ச் 2 அன்று நாசிக்கில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை அம்பேத்கர் தொடங்கினார் என்பதை எந்த வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. வேனுக்குள் இதைச் சொன்னபோது ஒரு மாணவர், "அப்ப ரெண்டும் ஒரே மாசம் நடந்துச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம். ஒன்று தேசத்தின் வரலாறாகிவிட்டது. இன்னொன்றை நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

தூணுக்கு அப்பால் உப்பளங்கள். மழைக்காலம் என்பதால் பாத்திகள் எல்லாம் தண்ணீருக்கடியில் கிடந்தன. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது இங்கேதான். மழை மாதங்களில் தொழிலாளர்களுக்கு வேலை இருக்காது. அதற்காக அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்ததும் இந்தப் பக்கம்தான். பாத்திகள் சேறாகிப் போயின. வரிக்கு எதிராக உப்பெடுத்த தலைவர்களுக்குத் தூண் உண்டு. வெயிலில் கண்கூசி, கால் வெடித்து உப்பு வாரும் பெண்களுக்கு நிழலுக்கு ஒரு கூரை வேண்டுமென்று இன்னமும் மனு எழுத வேண்டியிருக்கிறது.

கோடியக்கரை அழகான இடம்தான், அதை மறைப்பானேன். தமிழகக் கடற்கரை தெற்கே இறங்கிவந்து சட்டென்று மேற்கே திரும்பும் முனை அது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. உள்ளே காடு, வெளிமான், தூரத்தில் பூநாரைகள். பொன்னியின் செல்வன் படித்தவர்கள் பூங்குழலியைத் தேடி வருவார்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் சுனாமியில் விழுந்துவிட்டது. மீன்பிடிப் பருவத்துக்கு வெளியூர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கியிருந்த பகுதியைத் தாண்டி வெகுதூரம் நடந்தோம். பிறகு மணலும் காற்றும் மட்டும்தான். எங்களைத் தவிர ஆளில்லை.

முதலில் யாருக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். நாங்கள் வட்டமாக உட்கார்ந்து அறிமுகம் செய்துகொள்ளப் பழகியவர்கள். ஒருவர் குறிப்பேட்டை வெளியே எடுத்துவிட்டார். இன்னொருவர், "இந்த எடத்தோட பிரச்சினை என்ன தோழர்?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்த முதலாமாண்டுப் பெண் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள்.

அப்போது வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். "எந்த ஊரு புள்ளைங்க?" சொன்னோம். "எந்தத் தெரு?" கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். எங்களுக்குள் ஒரு நொடி அமைதி. மூத்தவர்கள் பேச்சை மாற்றத் தயாரானோம். அதற்குள் அவள் தண்ணீரில் நின்றபடியே, "காலனித் தெரு தாத்தா, அம்பேத்கர் செல இருக்குல்ல, அதுக்கு எதுத்தாப்புல" என்றாள். பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கையை நீட்டி, "அங்க சேறு, கால் உள்ள வாங்கிக்கும். இந்தப் பக்கமா நில்லு ஆயி" என்று சொல்லிவிட்டு நடந்துபோனார். அந்த இடைவெளியில் அவர் மனதில் என்ன ஓடியது என்று அன்று மாலை வரை எங்களுக்குள் வாக்குவாதம். அன்பாகத்தான் பேசினார் என்றார்கள் பாதிப் பேர். தெருவை ஏன் கேட்க வேண்டும் என்றார்கள் மீதிப் பேர். இரண்டுமே சரி என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. மீனவர்களும் இந்தச் சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்கள்தான். ஆனாலும் ஒதுக்கப்பட்டவர்களுக்குள்ளேயும் படிக்கட்டு இருக்கிறது.

அன்று டிசம்பர் 26. சுனாமி நாள். 2004-இல் தமிழ்நாட்டில் நாகை மாவட்டத்தில்தான் சாவு அதிகம். அழுகத் தொடங்கிய உடல்களை எடுக்கப் பிற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்னால் கடலைப் பார்த்திருப்பார்கள்? நிவாரணம் என்று வந்தபோது கணக்கு மீனவக் குடும்பங்களை வைத்தே போடப்பட்டது. கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைத்தவர்கள், மீன் சுமந்தவர்கள், உப்புநீர் ஏறிப்போன வயலில் கூலிவேலை பார்த்தவர்கள் பலர் அந்தக் கணக்கில் வரவில்லை. முகாம்களில் தண்ணீர்த் தொட்டியைத் தொடக் கூடாது என்று தடுத்த கதைகளும் ஆய்வறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. கடலோர தலித் என்று ஒரு மனிதர் இருக்கிறார் என்பதையே அரசுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது.

சுற்றுலா விளம்பரங்களில் 'மனிதர் காலடி படாத கடற்கரை' என்று எழுதுகிறார்கள். காலடி பட்டால் கெட்டுவிடும் என்ற நினைப்பு நமக்கு நன்றாகப் பழக்கமானதுதான். இதைச் சொல்லிக் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தோம். ஆனால் சிரிப்போடு விடக்கூடிய விஷயமில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இல் ஊரகக் கரைகளில் உச்ச அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது என்றது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. ஆளில்லாத கரை என்றால் விடுதி கட்டுகிறவருக்கு ஒரு பொருள், கீரை பறிக்கவும் நண்டு பிடிக்கவும் கால்நடையாக வருகிறவருக்கு வேறு பொருள். வேலி வந்தபிறகு இரண்டாமவர் அத்துமீறி நுழைந்தவராகிவிடுவார். பட்டா இருக்கிறதா என்று அப்போது அவரிடம் கேட்பார்கள்.

மதியத்துக்குமேல் ஒவ்வொருவராக எழுந்து தண்ணீருக்குப் போய்விட்டோம். குறிப்பேடு மணலில் கிடந்தது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டுச் சிரித்தார்கள். ஊர்க் குளத்தில் அப்படிச் சிரிக்க முடியாது, எந்தப் படித்துறை யாருடையது என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். இங்கே படித்துறையே இல்லை.

திரும்பி வந்ததும் படிவத்தில் 'கடல் பார்த்தல்' என்று எழுதிக் கொடுத்தோம். அந்த ஒருநாள் செலவு மட்டும் வரவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சரிசெய்துவிட்டோம். இந்த வருடமும் வெண்மணிக்கு வருகிற தோழர்கள் ஒருநாள் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பேருந்து உண்டு. குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துவந்துவிடுங்கள். முனைப் பக்கம் கடை கிடையாது. சேறு இருக்கிறது, பார்த்து இறங்குங்கள்.