மூன்றாவது வரி

விண்டோஸ் கணினியில் முதன்முதலாகத் தமிழ் தட்டிப் பார்த்த தலைமுறைக்கு 'லதா' எழுத்துரு ஞாபகம் இருக்கும். விண்டோஸ் 2000 வெளிவந்தபோது இந்திக்கு மங்கலும் தமிழுக்கு லதாவும் அதிலேயே இருந்தன. இரண்டும் பிறந்தது மும்பையில். மராட்டியக் கவிஞரும் எழுத்தோவியருமான ஆர். கே. ஜோஷி பவாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர். பிறகு என்.சி.எஸ்.டி. என்ற மென்பொருள் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபடி இந்திய எழுத்துகள் பலவற்றுக்கு உருக் கொடுத்தார். லதாவை அவர் தலைமையில் வரைந்தவர் வினய் சாய்னேகர். மதுரையிலும் மட்டக்களப்பிலும் டொரொண்டோவிலும் திரையில் தமிழ் வாசித்தவர்கள், மும்பைக்காரர்கள் இருவரின் கைவேலையைத்தான் வாசித்தார்கள். எங்கள் ஸ்டூடியோவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். உற்றுப் பார்க்கிற கண் இருந்தால் எந்த மொழிக்காரரும் எந்த எழுத்தையும் மரியாதையோடு வரையலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஸ்டூடியோ மாட்டுங்கா கிழக்கில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, ஹோட்டல் மெனு, சபாக்களின் கச்சேரி அழைப்பிதழ், ஊறுகாய் பாட்டில் லேபிள் எல்லாம் செய்கிறோம். ஆனால் அதிகம் வருவது கடைப் பலகை. தேவநாகரி எழுதும் தோழி கிர்காவ்காரி. இன்னொருவர் காட்கோபர் குஜராத்தி. நான் செம்பூரில் வளர்ந்தவன். ஆச்சி அரிசியைப் பரப்பி விரல் பிடித்து எழுதவைத்ததால் தமிழ் படிக்கத் தெரிந்தவன். என் வயதுள்ள மும்பைத் தமிழர்கள் பலர் தமிழைச் சரளமாகப் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. தாராவிப் பக்கம் மாநகராட்சியின் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. ஆனால் வசதி கொஞ்சம் கூடினால் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்த ஊரில் பிழைப்பு அப்படி.

கடைப் பலகை வேலை பெருகியதற்கு ஒரு காரணம் சட்டம். 2022இல் மகாராஷ்டிரா தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பெயர்ப்பலகையில் தேவநாகரியில் எழுதிய மராத்தி இருந்தாக வேண்டும், அது வேறு எந்த மொழி எழுத்தைவிடவும் சிறிதாக இருக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மும்பை வணிகர்களுக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தது. ஊரே பலகை மாற்றியது. நான் அந்தச் சட்டத்தை எதிர்க்கவில்லை. ஒரு மாநிலத்தின் மொழி அதன் தெருவில் முன்னால் நிற்கவேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். சென்னையில் நாமும் அதைத்தானே கேட்கிறோம். என் கவலை வேறு. மராத்தி முதல் வரி, ஆங்கிலம் இரண்டாவது வரி என்று ஆனபின், தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழ் மூன்றாவது வரிக்குப் போகிறது. போகட்டும். அந்த மூன்றாவது வரியை யாரும் வரைவதில்லை. மிச்சம் இருக்கும் இடத்தில் திணிக்கிறார்கள்.

திணித்தால் தமிழ் என்ன ஆகும் என்பதைத் தாராவியின் 90 அடி சாலையில் ஒரு நடை நடந்தால் பார்க்கலாம். தமிழ்ச் சொல் நீளம். ஞ, ணை, ஊ எல்லாம் அகலம் கேட்பவை. இடம் போதாதபோது கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குவார்கள். நெட்டுக்கோடுகள் மெலிந்துபோகும், கிடைக்கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும். அதைவிட மோசம், கொம்பு இடம் மாறுவது. 'கெ' என்று தட்டும்போது கணினிக்குள் முதலில் போவது க, பிறகுதான் கொம்பு. மென்பொருள் அதைத் தூக்கி முன்னால் வைக்கவேண்டும். இந்திய எழுத்து அறியாத பழைய வடிவமைப்பு மென்பொருள்கள் வைக்காது. கொம்பு பின்னாலேயே தங்கிவிடும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியாகத் தொங்கும். பலகை செய்பவருக்குத் தமிழ் தெரியாது. கடைக்காரர் மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பலகை ஏறிவிடும், பத்து வருஷம் நிற்கும். கடைக்காரரின் தாயார் மட்டும் தினமும் அதன் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமைகளில் வேலையை மதியத்தோடு நிறுத்திவிட்டுப் பலகை பார்க்கக் கிளம்புவோம். மாட்டுங்கா என்றால் சாப்பாடும் சேர்ந்தது. 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே நின்று எதிர்வரிசைப் பலகைகளைப் படிப்போம். செம்பூரில் சேடா நகர் முருகன் கோயில் பக்கம் திருவிழா நோட்டீசும் நன்கொடையாளர் கல்வெட்டும் கிடைக்கும். கிரானைட்டில் வெட்டிய தமிழ் பெரும்பாலும் ஒரே அச்சு, சீக்கிரம் அலுத்துவிடும். தாராவிதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். தமிழ் முஸ்லிம்கள் 1887இல் எழுப்பிய பள்ளிவாசல், ஆதி திராவிடர்கள் 1913இல் தொடங்கிய பிள்ளையார் கோயில், பொங்கலன்று 90 அடி சாலையில் வரிசையாகப் பெண்கள் வைக்கும் பானை, அந்தப் பானை வருகிற கும்பார்வாடா எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இட்லி மாவுக் கடை, முறுக்குக் கம்பெனி, தோல் பை கடை, கட்சிச் சுவர் விளம்பரம், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் என்று எங்கும் தமிழ்.

அங்கே ஒரு சந்துக்குள் பலகை எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இப்போது அவருக்கு வேலை அதிகமில்லை. டெம்போ நம்பர், கோயில் வாளி, எப்போதாவது ஒரு ஷட்டர். எங்கள் கிர்காவ் தோழிதான் அவரை முதலில் கண்டுபிடித்தாள். அவர் எழுதிய மராத்தியின் மேல்கோடு அத்தனை நேராக இருந்ததாம். நான் போய், "அண்ணாச்சி, ரெண்டு மொழியிலயும் கை ஒண்ணாத்தான் ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடாதுய்யா" என்றார். "மராட்டிக்கு மேல கோடு இருக்கு. அதப் போட்டுட்டா எழுத்து அதுல தொங்கிக்கிடும். தமிழுக்குக் கோடு கெடையாது. ஒவ்வொரு எழுத்தையும் நாமதான் நிக்க வைக்கணும். நூலு பிடிச்சு சுண்ணாம்புக் கோடு போடுதேன்லா, அது எனக்குத்தான். எழுத்துக்கு இல்ல."

பல வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டும் எனக்கு இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை. தேவநாகரிச் சொல்லை மேல்கோடு கட்டிப்பிடித்துக்கொள்கிறது. தமிழ்ச் சொல்லைக் கட்டிப்பிடிப்பது எழுத்துகளுக்கு நடுவே விடும் வெற்றிடம் மட்டும்தான். அதனால் மூன்றாவது வரியின் தமிழைச் சரியாக வைக்க உயரத்தை ஏற்றவேண்டியதில்லை. உயரம் குறையட்டும், சட்டமும் அதற்குத் தடை சொல்லவில்லை. மராத்தியின் கோட்டுத் தடிமனைத் தமிழுக்கும் கொடுத்து, இடைவெளியை ஒரு நூல் கூட்டினால் போதும், எதிர் நடைபாதையிலிருந்தும் படிக்கலாம். பெரியவர் கண்ணாலேயே செய்து வந்ததை நாங்கள் இப்போது அளந்து எழுதி வைத்திருக்கிறோம்.

மும்பையில் இதை அக்கறையோடு செய்பவர்கள் வேறு சிலரும் உண்டு. ஏக் டைப் என்ற சிறு குழு 'பலூ' என்ற தடித்த, உருண்டையான எழுத்துருக் குடும்பத்தை இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் செய்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டது. குஜராத்திக்கு பாய், மலையாளத்துக்குச் சேட்டன், தமிழுக்குத் தம்பி என்று பெயர் வைத்தார்கள். பலூ தம்பியையும், அவர்களுடைய முக்தா குடும்பத்தின் தமிழான முக்தா மலரையும் வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். மூன்று எழுத்தும் ஒரே கையில் பிறந்ததுபோல் நிற்கவேண்டிய பலகைக்கு முக்தாவை நான் தயங்காமல் எடுப்பேன். ஆனாலும் ஆயத்த எழுத்துரு எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது. அண்ணாச்சியின் 'ழ'வில் கால் கீழே இறங்கி ஒரு சுழி சுழித்து நிற்கும், பக்கத்துச் சொல்லைத் தொடாது. அது எந்த எழுத்துருவிலும் இல்லை.

தாராவி மறுகட்டுமானத்துக்கான ஏலம் 2022இல் அதானி குழுமத்துக்குப் போனது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது, ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் எண் வந்தது. பெரியவர் எழுதிய ஷட்டர்கள் சிலவற்றின் ஓரத்திலும் இப்போது எண் இருக்கிறது. புதுக் கட்டடம் நல்லதா, யாருக்கு இடம் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்ற வழக்கு பெரியது. அங்கே வாழ்கிறவர்கள் பேசவேண்டிய வழக்கு. எங்களால் முடிந்தது, ஒவ்வொரு பலகையையும் நேர்ப்பார்வையில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படமெடுப்பது, எழுதியவர் தெரிந்தால் கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்வது. பலகை போனாலும் அதே எழுத்தைத் திரும்ப எழுதிக்கொள்ள முடியவேண்டும்.

இப்போது மேசையில் இருப்பது மாட்டுங்கா பூக்கடை வரிசையில் வாழை இலை விற்கும் ஒரு மாமாவின் பலகை. பழைய பலகையில் 'வாழை இலை' என்ற சொற்கள் 1978க்கு முந்தைய எழுத்தில் இருந்தன. அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிடும்வரை லை, ளை, ணை, னை நான்கும் முன்னால் துதிக்கை தூக்கி நிற்கும். ழைக்கு அது கிடையாது. அதனால் பழைய பலகையில் 'ழை' ஒரு மாதிரி, 'லை' வேறு மாதிரி. மாமாவுக்கு அதே துதிக்கை வேண்டும். "எங்கப்பா எழுதி வெச்சதுடா, அத மாத்தாதே" என்கிறார். கடையைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்குத் தமிழ் வரியே வேண்டாம். மாமாவின் பேத்தி யூடியூப் பார்த்துத் தமிழ் எழுத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் படிப்பது புது லை.

நான் புது லை பக்கம். பழையதன் அழகு எனக்குத் தெரியும், படமெடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு குழந்தை முன்வரும்போது, தெருவில் இருக்கும் எழுத்து அவளுக்குப் பிடிபடவேண்டும். கிர்காவ் தோழி மாமாவின் கட்சி. கடை அவருடையது, கண் அவருடையது என்கிறாள். இரண்டையும் பலகையின் முழு அளவில் அச்செடுத்து, இந்தச் சனிக்கிழமை கடை முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக் காட்டப்போகிறோம். பேத்தியையும் வரச்சொல்லியிருக்கிறோம். தாராவி அண்ணாச்சியும் வருகிறார். 'வாழை'யில் 'ழ'வின் கால் இன்னும் சரியாக இறங்கவில்லை, அவர் பிரஷ்ஷை வாங்கித் திருத்தட்டும் என்று அந்த இடத்தை மட்டும் பென்சில் கோட்டிலேயே விட்டிருக்கிறேன்.