தொப்பி அவசியம்

இங்கிலாந்து போகிறவர்களில் பலர் லண்டனில் மெழுகு பொம்மைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தப்பில்லை. மெழுகு பொம்மைகளும் பிழைக்க வேண்டுமே! ஆனால் உங்களுக்கு ஒரு நாள் மிச்சம் இருந்து, வடக்கே நியூகாஸில் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் (இப்போதெல்லாம் யாருக்குத்தான் இல்லை?) ஒன்று செய்யுங்கள். காலையில் ஒரு கோட்டை, மத்தியானம் ஒரு படகு. கோட்டையின் பெயர் பேம்பரோ. படகு போவது ஃபார்ன் தீவுகளுக்கு. கோட்டைக்கும் படகுத்துறைக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர்தான். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

நான் போனது 2025 ஜூனில். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பொதுப்பணித் துறையில் முப்பத்து நாலு வருஷம் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் முதலில் விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவார். இன்னொருத்தி அவருடைய பெண். நியூகாஸிலில் ஆஸ்பத்திரி வேலை. தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறாள்.

மச்சான் வந்ததற்கு வெளிக்காரணம் ஊர் சுற்றிப் பார்ப்பது. உள்காரணம், பெண்ணைத் திரும்ப ஊருக்கு அழைத்துப் போவது. "பொம்பளப் பிள்ளை, தனியா, இவ்வளவு தூரத்துல..." என்று முடியாத வாக்கியம் ஒன்றைத் தினமும் இரண்டு வேளை சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியில் புளி, பருப்புப்பொடியோடு ஒரு திண்டுக்கல் பூட்டும் கொண்டுவந்திருந்தார். அவள் ஃப்ளாட்டின் கதவோ நம்பர் அழுத்தினால் திறக்கிற ஜாதி. பூட்டை மாட்ட அதில் இடமே இல்லை. பூட்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது.

நியூகாஸிலிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். கடைசி வளைவில் கோட்டை தெரியும் பாருங்கள், பேச்சு நின்றுபோகும். ஒரு பக்கம் கிராமம். மறு பக்கம் வெறும் மணலும் வடகடலும். நடுவே கறுத்த பாறை ஒன்று எழும்பி நிற்க, அதன் முதுகு முழுக்கக் கோட்டை.

இந்தப் பாறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 30 கோடி வருஷங்களுக்கு முன்னால் பூமிக்கடியில் உருகிய குழம்பு பக்கவாட்டில் பரவி இறுகிய கல் அது. அதே பாறைதான் கடலுக்கு அடியில் போய், சற்றுத் தள்ளித் தலையை நீட்டுகிறது. அந்தத் தலைகள்தான் ஃபார்ன் தீவுகள். ஆக, காலையில் ஏறுவதும் மத்தியானம் இறங்குவதும் ஒரே கல்லில்தான். கோட்டைக்காரர்கள் அதை ஒரு மாதிரி பயன்படுத்தினார்கள், பறவைகள் இன்னொரு மாதிரி.

கோட்டையின் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். கி.பி. 547-ல் ஐடா என்ற அரசர் இங்கே தன் ஆட்சியைத் தொடங்கியதாகப் பழைய ஆங்கிலக் குறிப்புகள் சொல்கின்றன. பிறகு வந்த ஓர் அரசர், தன் ராணி பெப்பாவின் பெயரை இதற்கு வைத்தார். பெப்பாவின் ஊர் என்பதுதான் தேய்ந்து தேய்ந்து பேம்பரோ ஆயிற்று. நார்மன்கள் வந்து நடுவில் ஒரு கனத்த கோபுரம் கட்டினார்கள். மச்சான் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதை யாரும் அசைக்க முடியாது" என்றார்.

அசைத்துவிட்டார்கள். 1464-ல் இங்கிலாந்தின் இரண்டு ராஜவம்சங்களுக்குள் பங்காளிச் சண்டை. கோட்டைக்குள் இருந்தது தோற்ற கட்சி. வெளியே நாலாம் எட்வர்டின் படை, பெரிய பெரிய பீரங்கிகளோடு. அந்தப் பீரங்கிகளுக்கு லண்டன், நியூகாஸில் என்று ஊர்ப் பெயர்கள் வைத்திருந்தார்கள். ராஜாவுக்கோ கோட்டை முழுசாக வேண்டும். 'சுவரில் விழுகிற ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளே இருப்பவர்களில் ஒரு தலை போகும்' என்று தூதனுப்பியதாகச் சொல்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் மசியவில்லை. பீரங்கிகள் வெடித்தன. இங்கிலாந்தில் பீரங்கிக்கு விழுந்த முதல் கோட்டை என்று சரித்திரப் புத்தகங்களில் இடம்பிடித்தது பேம்பரோ. ஆயிரம் வருஷ நம்பிக்கை சில நாளில் போச்சு.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பிற்பாடு, 1894-ல், இடிந்தும் இடியாமலும் இருந்த இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? வில்லியம் ஆம்ஸ்ட்ராங். வக்கீலாக இருந்து, இன்ஜினீயராக மாறி, நியூகாஸிலில் பீரங்கித் தொழிற்சாலை வைத்துப் பெரும் பணக்காரரானவர். பீரங்கி இடித்த கோட்டையைப் பீரங்கிக் காசு எடுத்துக் கட்டியது! வேலை முடிவதற்குள், 1900-ல், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கோட்டை இன்னமும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. ராஜ மண்டபத்தின் கூரைக்கு சயாமிலிருந்து வந்த தேக்கு. மச்சான் அண்ணாந்து பார்த்து மனசுக்குள் கன அடி கணக்குப் போட்டார்.

ஆனால் எனக்குப் பிடித்தவர் இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் வந்த ஒரு பாதிரியார். டாக்டர் ஜான் ஷார்ப். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பின் அண்ணன். 18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஓர் அறக்கட்டளையின் சார்பில் கோட்டையைப் பார்த்துக்கொண்டார். இடிந்த கோபுரத்தைச் செப்பனிட்டு உள்ளே பள்ளிக்கூடம் வைத்தார். இலவச மருந்தகம் வைத்தார். ஏழைகளுக்குக் குறைந்த விலையில் தானியம் கொடுத்தார். புயல் ராத்திரிகளில் குதிரையில் ஆள் அனுப்பிக் கடற்கரையைக் கண்காணித்தார். கப்பல் உடைந்து தப்பி வந்தவர்கள் படுக்க, கோட்டைக்குள்ளேயே கட்டில் போட்டு வைத்தார். அப்போது இந்தக் கடற்கரையில் ஆபத்து என்றால் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும். உயிர்காக்கும் படகு என்று ஒன்றை 1786 வாக்கில் இங்கே கொண்டுவந்ததும் அவர்தான்.

யாரும் உள்ளே வரக் கூடாது என்று கட்டின கோட்டை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்தபோதுதான் உருப்படியாக உயிர்களைக் காப்பாற்றியது. இதை நான் சொன்னேன். "கோட்டைன்னா பூட்டத்தான் மாப்பிள்ளை" என்றார் மச்சான். பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

* * *

கிராமத்தில் ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. எதிரே சர்ச். அதன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவு மண்டபம். இரண்டும் ஒரே பெண்ணுக்கு. கிரேஸ் டார்லிங்.

1838 செப்டம்பர் 7. ஃபார்ன் தீவுகளின் கடைசியில் லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கம். காவலர் வில்லியம் டார்லிங். அன்றைக்கு விளக்கில் இருந்தது அவர், மனைவி, 22 வயது மகள், அவ்வளவுதான். விடியற்காலைப் புயலில் ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் பக்கத்துப் பாறையில் மோதி இரண்டாகிக் கிடப்பதை மகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளிச்சம் வந்த பிறகு பாறையில் சில மனிதர்கள் அசைவது தெரிந்தது. கரையிலிருந்து படகு வர முடியாத கடல் என்று அப்பா கணக்குப் போட்டார். ஒரு சின்ன மரப்படகில் அப்பாவும் மகளும் துடுப்புப் போட்டார்கள். ஏறக்குறைய ஒரு மைல். அப்பா பாறையில் குதித்து ஆட்களைச் சேர்க்க, பாறையில் மோதிவிடாமல் படகைத் தனியாகத் தாக்குப்பிடித்து நிறுத்தியவள் மகள். காயம்பட்ட ஆட்கள், செத்துப்போன இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டு நடையில் ஒன்பது பேர் பிழைத்தார்கள்.

இங்கிலாந்து அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஓவியர்கள் வரிசையில் நின்றார்கள். ஞாபகத்துக்கு ஒரு கொத்து தலைமுடி அனுப்பச் சொல்லிக் கடிதங்கள் வந்தன. நாலே வருஷத்தில், 1842-ல், 26 வயதில் காசநோயில் இறந்துபோனாள். கடல் ஒன்றும் செய்யவில்லை, காசநோய் கொண்டுபோயிற்று.

அந்த மரப்படகு மியூசியத்தில் இருக்கிறது. மச்சான் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் நின்றார்.

* * *

சீஹவுசஸ் என்ற ஊரில் படகு ஏறினோம். ஜூன் மாசம் என்று நம்பிப் பருத்திச் சட்டையோடு போய்விடாதீர்கள். வடகடலுக்குக் காலண்டர் தெரியாது. தீவுகள் எத்தனை என்று கேட்டால் படகுக்காரர் அலையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். நீர் ஏறினால் சில முங்கிவிடும்; இறங்கினால் எழும்பும்.

முதலில் வாடைதான் வரவேற்கும். பல தலைமுறைப் பறவை எச்சம். கர்ச்சீப்பை எடுத்து மூக்கை மூடினேன். ஐந்து நிமிஷத்தில் மறந்துபோனேன். செங்குத்துப் பாறைகளில் ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் பறவைகள். நம்மூர் டவுன் பஸ் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. கிட்டிவேக் என்று ஒரு பறவை, தன் பெயரைத் தானே கத்திக்கொண்டே இருக்கிறது. பாறை ஓரங்களில் சாம்பல் நிறக் கடல்நாய்கள், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்த பெரியப்பா மாதிரி ஒரு கண்ணை மட்டும் திறந்து நம்மைப் பார்க்கின்றன. இலையுதிர் காலத்தில் போனால் குட்டிகளைப் பார்க்கலாம். வருஷத்துக்கு 2,000-க்கு மேல் இங்கே பிறக்கின்றன.

அப்புறம் பஃபின். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கல்யாண வீட்டு ரோஜா மாதிரி கலர் அலகு. கையடக்கமான பறவை, அரைக் கிலோகூடத் தேறாது. மண்ணில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை. வாய் நிறைய மெல்லிய மணல்விலாங்கு மீன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, சிறகை வேகமாக அடித்துக்கொண்டு வந்து தொப்பென்று இறங்குகிறது. காவல் ஊழியர்கள் இவற்றைக் கணக்கெடுப்பது எப்படி என்கிறீர்கள்? தரையில் படுத்து, வளைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி! 2024-ல் எண்ணியபோது 50,000 ஜோடிக்கு மேல் தேறின.

இன்னர் ஃபார்ன் தீவில் இறங்கலாம். கி.பி. 676-ல் கத்பர்ட் என்ற துறவி இங்கே தனியாக வாழ வந்தார். 687-ல் இங்கேயே காலமானார். ஈடர் வாத்துகளை யாரும் தொடக் கூடாது என்று அவர் கட்டளை போட்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்து ஜனங்கள் அந்த வாத்தை இன்றும் அவருடைய செல்லப் பெயரால்தான் அழைக்கிறார்கள். அவரிடம் பீரங்கி இல்லை. 'தொடாதே' என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. 1464-ல் கோட்டை விழுந்தது. வாத்து இன்னும் பாதை ஓரத்தில் அடைகாத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் இரண்டடி தூரத்தில் நடந்தோம், அசையவில்லை. குறுக்கே இருந்தது ஒரு கயிறு மட்டும்.

மச்சான் அந்தக் கயிற்றைப் பார்த்தார். "இதுக்கு இந்தப் பக்கமே எல்லாரும் நிக்கிறானுங்களே!" என்றார். முப்பத்து நாலு வருஷத்தில் அவர் பார்த்த கட்டுமானங்களில் அதுதான் அவரை ஆச்சரியப்படுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் கயிறுக்கும் எல்லை உண்டு. 2022-ல் பறவைக் காய்ச்சல் இந்தத் தீவுகளில் நுழைந்தது. ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தன. ஊழியர்கள் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு அவற்றைப் பொறுக்கினார்கள். தீவுகளில் யாரும் இறங்கக் கூடாது என்று தடை வந்தது. 1925-லிருந்து தீவுகளைக் காத்துவரும் நேஷனல் டிரஸ்ட், 2024-ல்தான் இன்னர் ஃபார்னை மறுபடி திறந்தது. அதே 2024-ல் இன்னொன்றும் நடந்தது. வடகடலின் இங்கிலாந்துப் பகுதியில் மணல்விலாங்கு பிடிக்க அரசு தடை போட்டது. பஃபினின் சாப்பாட்டை மனுஷன் எடுக்காமல் விட்டுவைப்பது, அவ்வளவுதான். வைரஸை யாரும் வேலி போட்டு நிறுத்த முடியாது. நம் கையை நாமே நிறுத்திக்கொள்ள முடியும்.

இவ்வளவு தத்துவம் பேச அங்கே அவகாசம் இருக்காது. ஏனென்றால் ஆலாக்கள். ஆர்க்டிக் ஆலா என்ற சின்னப் பறவை, எடை நூறு கிராம் சுமார், பாதை ஓரத்திலேயே முட்டையிடுகிறது. நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள் அல்லவா, நேராக உச்சந்தலையில் கொத்தும். மச்சானுக்கு முன்வழுக்கை. இரண்டு போடு போட்டது. "ஐயோ!" என்று என் பின்னால் ஒளிந்தார்.

அந்தப் பறவையை லேசாக நினைக்காதீர்கள். 1982-ல் இங்கே வளையம் மாட்டிய ஒரு குஞ்சு, சில மாதத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தென்பட்டது. 2015-ல் கருவி பொருத்திய ஒன்று, அன்டார்க்டிகா வரை போய் மறு வருஷம் மே மாதம் இங்கேயே திரும்பியது. மொத்தம் 96,000 கிலோமீட்டர். பூமியை இரண்டு தடவை சுற்றி, மேலே கொஞ்சம்! முட்டையையும் குஞ்சையும் காக்க மனுஷன் மண்டையைப் பிளக்கிற அதே தாய், சிறகு முளைத்ததும் பிள்ளையை உலகத்தின் மறு கோடிக்கு விட்டுவிடுகிறது.

திரும்பும் படகில் கடல் ஆடியது. லாங்ஸ்டோன் விளக்கம் பின்னால் தெரிந்தது. மச்சான் கேட்டார்: "அந்த அப்பா எப்படிம்மா துடுப்பை அவ கையில குடுத்தாரு?"

"அவளுக்குத் துடுப்புப் போடத் தெரியும்னு அவருக்குத் தெரியும்பா" என்றாள் பெண்.

மச்சான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்தார். "பொம்பளப் பிள்ளை, தனியா..." என்றவர், பாதியில் நிறுத்தி, "சாப்பாடு நேரத்துக்கு சாப்பிடறியா?" என்று முடித்தார். அதுவரை முடிக்காத வாக்கியம் அது. பெண் இன்னும் நியூகாஸிலில்தான் இருக்கிறாள். ஜாதகம் பார்ப்பது மட்டும் இந்தப் பக்கம் தொடர்கிறது. அதை எந்தத் தீவும் நிறுத்த முடியாது.

போகிறவர்களுக்கு: பஃபின் பார்க்க மே, ஜூன், ஜூலை. ஆகஸ்டில் அவை கடலுக்குப் போயிருக்கும். படகுக்கு முன்பதிவு செய்யுங்கள். தீவில் இறங்கும் கட்டணம் தனி. காற்று பலமாக இருந்தால் படகு போகாது, யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டு வேண்டாம்.

தொப்பி அவசியம்.