காலியான பாதி

டல்லாஸ் நகரத்து காட்டன் பௌல் அரங்கில் ஐம்பதாவது கஜக் கோட்டோடு கூட்டத்தின் நிறம் மாறிவிடுகிறது. கோட்டுக்கு இப்பால் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் செங்கல் நிற ஆரஞ்சு. அப்பால் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் கருஞ்சிவப்பு. மொத்தம் 92,100 இருக்கை, ஆளுக்குப் பாதி. டெக்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினிலிருந்து வருகிறவர்களுக்கும் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மனிலிருந்து வருகிறவர்களுக்கும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர்தான் பயணம். அதனால் இந்த மைதானம் யாருக்கும் சொந்த ஊர் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் 1900இல் தொடங்கிய பகை இது. ஆட்டம் நடப்பதும் டெக்சாஸ் மாநிலப் பொருட்காட்சியின் நடுவே. டிக்கெட்டிலேயே பொருட்காட்சி நுழைவும் சேர்த்தி. மேல் வரிசையில் உட்கார்ந்தால் ராட்சத ராட்டினம் சுற்றுவது தெரிகிறது. எண்ணெயில் பொரிக்கிற வாசனை காற்றோடு ஏறி வருகிறது.

2022 அக்டோபர் 8, சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்த ஆட்டத்தில் இடைவேளையின்போது 28–0. டெக்சாஸ் முன்னால்.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியிருப்பார். தொப்பியின் ஆரஞ்சு வெளுத்து, விளிம்பில் நூல் பிரிந்திருந்தது. பக்கத்தில் பத்து வயதுப் பேரன். இருபத்தெட்டு புள்ளி வந்த பிறகும் பெரியவர் கை தட்டவில்லை. தொடைமேல் இரு கையையும் ஊன்றிக்கொண்டு, முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்க, புள்ளிப் பலகையையே பார்த்திருந்தார். பேரன் எழுந்து குதித்தபோது அவன் சட்டையைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார்.

அவர் பயம் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் இருந்தது. முந்தைய ஆண்டு இதே அரங்கில் முதல் கால் பகுதியிலேயே டெக்சாஸ் 28–7 என்று முன்னேறியது. இடைவேளையில் 38–20. ஓக்லஹோமா துரத்திப் பிடித்து, மூன்று வினாடி மிச்சம் இருக்கும்போது கென்னடி புரூக்ஸ் 33 கஜம் ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுக்க, 55–48இல் ஆட்டத்தைப் பறித்துக்கொண்டு போனது. அதோடு சேர்த்துத் தொடர்ந்து நான்கு தோல்வி. அப்படிச் சூடு பட்டவர்கள் இடைவேளையில் சந்தோஷப்பட மாட்டார்கள். தண்ணீர் வாங்கிவந்தார்கள், கழிப்பறைக்குப் போய்வந்தார்கள், யாரும் முடிவைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்தில் ஒருவர் வாய் திறந்தபோது அவர் மனைவி விரலை உதட்டில் வைத்தார்.

ஆனால் இந்த முறை களத்தில் நிலைமை வேறு. ஓக்லஹோமாவின் பந்தெறியும் ஆட்டக்காரர், குவாட்டர்பேக் டில்லன் கேப்ரியல் முந்தைய வாரம் தலையில் அடிபட்டு வெளியே. அவருக்கு மாற்றாக வந்தவரால் பந்தை எறிந்து ஆட்டத்தை நகர்த்த முடியவில்லை. அன்று முழுக்க அவர்கள் எறிந்து பெற்றது 39 கஜம். எதிரில், தோள்பட்டைக் காயத்திலிருந்து அன்றுதான் திரும்பி வந்த குவின் யூவர்ஸ் 289 கஜம் எறிந்து நான்கு டச்டவுன் கொடுத்தார். பந்தை அணைத்துக்கொண்டு ஓடிய பிஜான் ராபின்சன் 130 கஜமும் இரண்டு டச்டவுனும் எடுத்தார். முதன்மை ஆட்டக்காரர் இல்லாத அணியை அடித்தது பெரிய வீரமா என்று பிறகு பேசிக்கொண்டவர்கள் உண்டு. நான்கு முறை தோற்றுவிட்டு வந்தவர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு மனம் வராது.

மூன்றாம் கால் பகுதியில் புள்ளி மேலும் ஏறியது. அப்போதுதான் எதிர்ப் பாதியில் அசைவு தெரிந்தது. முதலில் மேல் வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அலுமினியப் பலகை வெயிலில் மின்னியது. பிறகு படிக்கட்டுகளில் சிவப்பு இறங்க ஆரம்பித்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக ஒரு பெண். நின்று திரும்பிப் பார்த்து, மறுபடி இரண்டு படி இறங்கி, மறுபடி நின்ற ஓர் இளைஞன். ஓக்லஹோமா புள்ளி எடுக்கும்போதெல்லாம் இரண்டு வெள்ளை மட்டக்குதிரைகள் இழுக்கும் கூண்டு வண்டி மைதானத்துக்குள் ஓடிவரும். அன்று அதற்கு அந்த வாய்ப்பே வரவில்லை.

இந்தப் பக்கத்து மாணவர்கள் போகிறவர்களுக்குக் கையசைத்து விடை கொடுத்தார்கள். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்பாக நீட்டுவது டெக்சாஸின் அடையாளம். அந்தக் கொம்பைத் தலைகீழாகக் காட்டிச் சீண்டுவது ஓக்லஹோமாக்காரர்களின் பழக்கம். காலையில் பொருட்காட்சி வாசலில் தலைகீழ்க் கொம்பு எங்கு பார்த்தாலும் இருந்தது. இப்போது ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்த கொம்புகள் மட்டும் ஆயிரக்கணக்கில். அந்தப் பிள்ளைகளின் ஆரவாரத்தில் குற்றம் காண எனக்குத் தோன்றவில்லை. கெட்ட வார்த்தை சொன்னவர்களும் இருந்தார்கள், அது பிடிக்கவில்லை. மற்றபடி, வாங்கியதைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

நடுக்கோட்டை ஒட்டிய வரிசையில் ஒரு தம்பதி. அவர் கருஞ்சிவப்பு, அவள் ஆரஞ்சு. ஆறாவது டச்டவுனுக்கு அவள் எழுந்தாள், கத்தவில்லை. இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவர் அவளைப் பார்க்காமல் தன் பாப்கார்ன் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார். அவள் ஒரு பிடி எடுத்துக்கொண்டு அவர் முதுகில் தட்டினாள். அவர் கடைசி வரை எழுந்து போகவில்லை.

நெருக்கமான ஆட்டத்தில் ஜெயிப்பவர்கள் சந்தோஷத்தை அனுபவிப்பதே இல்லை என்று அன்று எனக்கு உறுதியாகப் பட்டது. 2021இல் ஓக்லஹோமாவுக்குக் கிடைத்தது மூன்று வினாடி. அதற்கு முன்பு வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மூச்சு வந்தது, அவ்வளவுதான். ஒருதலைப்பட்சமான வெற்றியில் ஆட்டமாகப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பார்கள். ஆனால் ரசிகனுக்கு அது தருவது நேரம். சாய்ந்து உட்காரலாம். பழைய ஆட்டங்களைப் பேசலாம். தூரத்து ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் புள்ளிப் பலகையைப் படம் எடுத்து அனுப்பலாம். கடைசி கால் பகுதி முழுவதும் என்னைச் சுற்றி அதுதான் நடந்தது. களத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் இறங்கிவிட்டார்கள், ஆனாலும் இந்தப் பாதியில் ஒருவர் நகரவில்லை. எதிர்ப் பாதி வெறும் பலகையாக ஒளிவிட, அதைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டே பதினைந்து வினாடி மிச்சமிருக்க டில்லன் கேப்ரியல் எறிந்த பந்தில் ஓக்லஹோமா 34–30 என்று ஜெயிக்கப்போவது அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தை யாரும் குறைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பெரியவர் இப்போது பின்னால் சாய்ந்திருந்தார். முழங்கால் ஆட்டம் நின்றிருந்தது.

"தாத்தா, நீங்க ஏன் அவங்களுக்கு டாட்டா காட்டல?"

"2003ல நான் இங்கதான் இருந்தேன்டா. அறுபத்தஞ்சு – பதிமூணு. நம்ம ஆளுங்க இப்படித்தான் படியிறங்கிப் போனாங்க."

"நீங்களும் போனீங்களா?"

"இல்ல."

பேரன் கொஞ்சம் யோசித்துவிட்டு எதிர்ப் பக்கம் பார்த்தான். அங்கே மிச்சமிருந்த சில நூறு பேரை விரலால் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. 49–0. இந்தப் பகையின் வரலாற்றில் டெக்சாஸ் இவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை. ஜெயிப்பவருக்குத் தரும் தங்கத் தொப்பியை வீரர்கள் தலைக்குத் தலை மாற்றிக் கொண்டிருந்தார்கள். ஒருவர் வைத்துப் பார்த்து அடுத்தவருக்குப் போட, சுற்றி நின்றவர்கள் கைநீட்டினார்கள். பிறகு அணி முழுவதும் ரசிகர் பக்கம் திரும்பி நின்று பல்கலைக்கழகப் பாட்டைப் பாடியது. பெரியவர் எழுந்து நின்றார். வலது கையைக் கொம்பாக உயர்த்தினார். விரல் முழுதாக நிமிரவில்லை, மூட்டு வீங்கியிருந்தது. இடது கையால் அந்தச் சுண்டு விரலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே பாட்டு முழுவதையும் பாடினார்.

வெளியே 55 அடி உயர பிக் டெக்ஸ் பொம்மை வந்தவர்களை எல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தது. சோளமாவில் தோய்த்துக் குச்சியில் பொரித்த சாஸேஜ், இந்தப் பொருட்காட்சியின் பேர்போன தின்பண்டம். அந்தக் கடை வரிசையில் இரண்டு நிறமும் கலந்தே நின்றன. மூன்று டெக்சாஸ் மாணவர்கள் ஏழு டச்டவுன்களில் எது சிறந்தது என்று சண்டை போட்டார்கள். ஒருவனுக்கு முதலாவது, மற்றவனுக்கு யூவர்ஸ் எறிந்த ஒன்று. அவர்களுக்கு முன்னால் நின்ற நடுவயதுப் பெண் திரும்பினாள்.

"நாப்பத்தொம்பது யார் வேணாலும் எடுக்கலாம்பா. அந்தப் பூஜ்யத்தைப் பாருங்க. அவங்க பூஜ்யத்துல தோத்து இருபத்துநாலு வருஷம் ஆச்சு. 1998ல கடைசியா."

அவளுக்கு முன்னால் நின்ற கருஞ்சிவப்புச் சட்டைக்காரர் திரும்பாமலே சொன்னார்: "டெக்சாஸ் ஏ அண்ட் எம் கிட்ட."

"ஆமா," என்றாள் அவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. மாணவர்கள் முதல் டச்டவுனிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.