பரங்கிமலை கட்லெட், ஜப்பான் கட்சு

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பரங்கிமலை. 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் மாட்டுக்கறி கட்லெட் தலைமுறை வழக்கம். பலர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று குடிபெயர்ந்தும், கட்லெட் இங்கேயே தங்கிவிட்டது.

அதே கட்லெட்தான் ஜப்பானியர் வாயில் ‘கட்சுரெட்சு’ ஆகி, ‘கட்சு’ எனச் சுருங்கியது. பிரெட்டுக்கு நடுவே வைத்தால் ‘கட்சு சாண்டோ’.

வீட்டிலேயே செய்யலாம். ஆனால், ஜப்பானியர் போல உள்ளே சிவப்பாக விடக் கூடாது. அங்கே கொழுப்பு ஊடிய இளங்கறி. தமிழ்நாட்டிலோ 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக 10 வயது தாண்டி, உழைக்க முடியாத மாடுகளை வெட்டத்தான் அனுமதி. அதனால் கறி கெட்டியாக இருக்கும்.

மெல்லிய துண்டாக வாங்கி, குழவியால் தட்டுங்கள். பப்பாளிக்காய் விழுது தடவி அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு விழுதை வழித்துவிட்டு, உப்பு, மிளகுத்தூள் தூவி, மைதா, முட்டை, பிரெட் தூள் என வரிசையாகப் புரட்டுங்கள். முந்தின நாள் பிரெட்டை மிக்ஸியில் கரகரப்பாக அடித்தால் மொறுமொறுப்பு கூடும். மிதமான தீயில் முழுக்க வேகப் பொரியுங்கள்.

ஓரம் நீக்கிய பிரெட்டில் சாஸ் தடவி, முட்டைகோஸ் சீவலோடு கட்லெட்டை வைத்து, தட்டால் லேசாக அழுத்தி ஐந்து நிமிடம் விட்டு வெட்டினால், துண்டுகள் பிரியாது.