பாரிஸ் மாநகரில் ஒரு பந்தி

உண்ணும் உணவைக் கொண்டு ஒரு நாட்டாரை அறியலாம் என்பர். உடனிருந்து உண்போரை நடத்தும் முறையைக் கொண்டு அறிதலே நன்று என்பது எமது எண்ணம். பாரிஸில் வாழும் பழைய மாணவராகிய யாம் சிலர் அண்மையில் 'பூயோன்' எனப்படும் உணவுச்சாலையொன்றில் ஒருங்கே உண்டபோது இவ்வெண்ணம் உறுதிப்பட்டது.

பூயோன் என்பது இறைச்சிச் சாற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டுவால் என்னும் இறைச்சி வணிகர், சந்தைத் தொழிலாளர் பசி தீரச் சூடான சாற்றையும் இறைச்சியையும் குறைந்த விலைக்கு விற்றார். அதுவே இவ்வுணவுச்சாலைகளுக்கு வித்தாயிற்று. 1896இல் தோன்றிய சார்த்தியே இன்றும் நடைபெறுகின்றது. 2017இல் பிகால் பகுதியில் புதியதொன்று திறக்கப்பட்ட பின்னர், இத்தகைய சாலைகள் இளைஞர் வரிசையில் நின்று புகும் நாகரிக இடங்களாயின.

யாமும் வரிசையில் நின்றே புகுந்தோம். எமது மேசையில் எஞ்சியிருந்த இடத்திலே, முன்பின் அறியாத முதியோர் இருவரைப் பரிசாரகர் கொணர்ந்து இருத்தினார். எவரும் எவரையும் இன்னார் என வினவவில்லை. எம்முள் மரக்கறி உண்போர், வினாகிரியும் கடுகும் எண்ணெயும் கூட்டிய லீக்ஸும் துருவிய கரட்டும் உண்டனர். ஏனையோர்க்குச் சுட்ட கோழியும் பொரித்த உருளைக்கிழங்கும் வந்தன. மேசைமீது விரித்த கடதாசியிலேயே பரிசாரகர் கணக்கை எழுதிக் கூட்டினார். முதியோர் எமக்கு வணக்கங்கூறி விடைபெற்றனர்.

எம்மூர்ப் பந்திகளை அப்பொழுது நினைந்தோம். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், சமாசனமும் சமபோசனமும் வேண்டிக் குரலெழுப்பிற்று. ஆயினும் 1960களிலும் தேநீர்க்கடையுட் புகுந்து அமர்ந்து அருந்தும் உரிமைக்காக எம்மவர் எம்மவரோடே போராட நேர்ந்தது. இந்நகரின் உணவுச்சாலைகளிற் கோப்பை கழுவி வாழ்வு தொடங்கினோர் எம்முட் பலர். பிரெஞ்சு முதலாளி எமது சாதியைக் கேட்டாரல்லர். இரவிலே வாடகை அறைக்குத் திரும்பிய பின்னரே, "ஊரிலே எந்தப் பக்கம்? எந்தக் குறிச்சி?" என்னும் கேள்வி எம்மவர் வாயிலிருந்து பிறந்தது. அக்கேள்வியின் பொருளை அறியாதார் எம்முள் இலர்.

பாரிஸ் குறையற்ற நகரன்று. நிறத்தையும் பேச்சையும் கண்டு முகஞ்சுளிப்போர் அங்கும் உளர். எனினும் இடம் உள்ளவிடத்தில் வந்தவரை இருத்தும் அவ்வழக்கம் கொள்ளத்தக்கதே.

எம் கல்லூரியன்னை நிறைவிழாக் காணும் இவ்வேளையில் யாம் வேண்டுவது ஒன்றே. விழாப் பந்தியிலே வந்தவர் வந்த வரிசையில் அமர்க. எந்தக் குறிச்சி என்னும் கேள்வி அப்பந்தியில் எழாதொழிக. வாழ்க எம் கல்லூரி!