குளிர்ப்பெட்டிக்கு வியர்த்தது!

நமக்கு வியர்த்தால் விசிறியை எடுத்து விசிறிக்கொள்கிறோம். குளிர்சாதனப் பெட்டிக்கே வியர்த்தால் என்ன செய்வது? "நல்ல கேள்வி ஐயா! தண்ணீரை ஐஸாக்குகிற பெட்டிக்கு வியர்வையாவது!" என்று நீங்கள் சிரிக்கலாம். போன சித்திரை வரையில் நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன்.

எங்கள் வீடு நங்கநல்லூரில், பழவந்தாங்கல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. என் தாயாருக்கு வயது 71. தினம் இரண்டு வேளை இன்ஸுலின் போட்டாக வேண்டும். சர்க்கரை வியாதி போதாதென்று இரண்டு வருஷமாகப் பார்வையும் மங்கி வருகிறது. ஒருநாள் ஆஞ்சநேயர் கோயிலிலிருந்து திரும்பும்போது, "32 அடி ஆஞ்சநேயரே கொஞ்சம் கலங்கலாத்தான் தெரியறார். இந்த நவக்கிரக ஸ்தலமெல்லாம் கண்ணு தெரியறப்பவே ஒரு நடை அழைச்சுண்டு போயிடேண்டா" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

பத்திரிகைக்காரனுக்கு லீவு கிடைப்பது குதிரைக்குக் கொம்பு முளைக்கிற சமாசாரம். எனக்கு முளைத்தது சித்திரைக் கடைசியில், அக்னி நட்சத்திரம் சுட்டெரிக்கும் சமயத்தில். நண்பர் ஒருவர் தம் வேனைக் கொடுத்து உதவினார். அது சாதாரண வேன் அல்ல. படுக்கப் பலகை, சின்ன மேடை, மூலையில் ஒரு குட்டிக் குளிர்ப்பெட்டி என்று நகரும் வீடாகவே அதை மாற்றி வைத்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் பாதிக் கவலை தீர்ந்தது. பிரிக்காத இன்ஸுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்து போனாலோ அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வேனை வாசலில் நிறுத்தி, வீட்டு மின்சாரத்தைக் கொடுத்துப் பரீட்சை பார்த்தேன். காலை ஆறு மணிக்கு உள்ளே வைத்த வெப்பமானி 7 காட்டியது. பிற்பகல் மூன்று மணிக்கு 14! வெப்பமானியை உதறிப் பார்த்தேன். அதன் மேல் குற்றமில்லை. தாயார் எட்டிப் பார்த்து, "போறது போ, இன்னொரு வருஷம் பார்த்துக்கலாம்" என்றாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. இத்தனை சாதாரணமாகச் சொன்னதுதான் என்னைச் சுட்டது.

மாடி வீட்டு மாமா தொழிற்சாலை ஒன்றில் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ரிப்பேர் என்ற வார்த்தை காதில் விழுந்தால் காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு வருவார். வந்தார், பெட்டியின் பின்புறம் கையை வைத்து, சுட்டுக்கொண்டவர்போல் எடுத்தார்.

"பெட்டி நன்னாத்தான் வேலை செய்யறது. மூச்சு விடத்தான் வழியில்லே!"

வாசகர்களே, இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் பேச அனுமதி கொடுங்கள். இந்த வேன் பெட்டிக்கு மோட்டாரே கிடையாது. 1922-ல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த ஃபான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த யுக்தி இது. உள்ளே அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்களில் அடைபட்டிருக்கின்றன. கீழே சூடு காட்டினால் அம்மோனியா தண்ணீரை விட்டுப் பிரிந்து ஆவியாக மேலே ஏறுகிறது. பின்புறத்தில் தகடுகள் பொருத்திய குழாயில் தன் உஷ்ணத்தை வெளிக்காற்றில் உதறிவிட்டுத் திரவமாகிறது. பிறகு பெட்டிக்குள் ஹைட்ரஜனோடு கலந்து மறுபடி ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் சாமான்களின் உஷ்ணத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. கடைசியில் பழையபடி தண்ணீரிலேயே கரைந்துவிடுகிறது. நெருப்பைக் கொடுத்துக் குளிரை வாங்குகிற வியாபாரம்!

சூட்சுமம் அந்தத் தகடுகளில் இருக்கிறது. அங்கே உஷ்ணம் கழியாவிட்டால் அம்மோனியா திரவமாகாது. திரவமாகாவிட்டால் குளிர் பிறக்காது. தகடுகளைச் சுற்றியுள்ள காற்று சூடாகித் தானே மேலே போக, கீழ்த் துவாரம் வழியாகப் புதுக் காற்று வர வேண்டும் என்பது ஏற்பாடு. குளிர் தேசத்தில் அது தாராளமாக நடக்கும். வெளியே 39 டிகிரி, வேனுக்குள் அதற்கும் மேலே என்றால், காற்றும் நம்மைப்போல அலுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

குளிருக்காகச் சென்னைப் பட்டணம் பட்ட பாடு புதிதல்ல. 1842-ல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது எதற்காக? அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்கத்தான். மரத்தூளைப் போர்த்தி, வழியில் கரைந்தது போக மிச்சத்தை விற்றார் ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அதே கட்டடத்தில்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் அத்தனை கடல் தாண்டி வந்தது. என் பெட்டியிலோ காற்று அரை அடி ஏற மாட்டேன் என்றது.

"ரிச்சி தெருவுக்குப் போய்க் கம்ப்யூட்டர் விசிறி ரெண்டு வாங்கிண்டு வா. 12 வோல்ட். உள்ளங்கை அகலத்திலே குட்டியா இன்னொண்ணு" என்று உத்தரவு போட்டார் மாமா. ஓடினேன், வந்தேன். என் கைவண்ணத்தையும் காட்ட வேண்டாமா? அவர் சாப்பிடப் போன சமயத்தில் நானே விசிறிகளைப் பொருத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 16!

மாமா வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சூடான காத்து மேலே போறேங்கறது; நீ கீழே தள்ளறே! வாசல்லே ரெண்டு பேரும் முட்டிண்டு நின்னா யார்டா உள்ளே வர்றது?"

விசிறிகளைத் திருப்பி, காற்று கீழிருந்து மேலே போகும்படி வைத்தோம். தகடுகளை விட்டுவிட்டுக் காற்று பக்கவாட்டில் நழுவாமல் இருக்க மெல்லிய தகரத்தால் தடுப்பும் கட்டினோம். பெட்டி கேட்பது ஏறக்குறைய 60 வாட். ஒரு விசிறி கேட்பதோ 2 வாட்தான். மறுநாள் அதே மூன்று மணிக்கு வெப்பமானி 6 காட்டியது.

ஆனால் இன்னொரு வில்லங்கம் மிச்சமிருந்தது. உள்ளே குளிர்த் தகட்டை ஒட்டினாற்போல் வைத்தால் 0; கதவோரம் வைத்தால் 9. ஒரு பக்கம் மருந்து உறைந்துவிடும், இன்னொரு பக்கம் கெட்டுவிடும்! குட்டி விசிறியை உள்ளே மாட்டினோம். அது மெதுவாகச் சுற்றிக் காற்றைக் கலக்கியதும் எல்லா மூலையிலும் ஐந்து, ஆறு என்று சமாதானம் ஏற்பட்டது.

புறப்படும்போது மாமா ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்தார். "எங்கே நிறுத்தினாலும் இதைப் பெட்டி மேலே வை. தண்ணி ஒரு பக்கம் சாஞ்சா வண்டியும் சாஞ்சிருக்குன்னு அர்த்தம். சாஞ்சு நின்னா உள்ளே ஓட்டம் நின்னுடும்." அந்தத் தம்ளர் எங்களோடு ஒன்பது ஸ்தலமும் சேவித்தது. ஆடுதுறை அருகே ஓர் இடத்தில் சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைத்து மட்டம் பார்த்தபோது, அங்கிருந்த பெரியவர் ஒருவர் இதுவும் ஒரு பரிகாரமோ என்று விசாரித்தார்!

சூரியனார் கோயிலில் தாயார் வெகு நேரம் நின்றாள். தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவளாகவே, "தெரிஞ்சதுடா. நன்னாவே தெரிஞ்சது" என்றாள். வேனில் ஏறி மருந்தை எடுத்துக் கொடுத்தேன். "சூரியனைப் பார்க்க வந்த இடத்திலே, சூரியன் கிட்டேயிருந்து மருந்தை ஒளிச்சு வைக்கற வேலை உனக்கு!" என்று சிரித்தாள்.

உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் மோட்டார் வைத்த பெட்டியாக இருக்கும். அதற்கும் நியாயம் ஒன்றுதான்: உள்ளேயிருந்து எடுத்த உஷ்ணத்தை அது வெளியே கொட்டியாக வேண்டும். ஆகவே இன்று சாயங்காலம் அதன் பின்புறத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சுவரோடு ஒட்டியிருந்தால் சிறிது முன்னுக்கு இழுத்து விடுங்கள். குழாய்கள் வெளியே தெரிந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தூசி தட்டுங்கள். உள்ளே மருந்து வைப்பவர்கள் ஒரு சின்ன வெப்பமானியும் வையுங்கள். மருந்தோடு வரும் காகிதத்தையும் வைத்தியர் சொல்வதையும் கேளுங்கள். அடைபட்ட அம்மோனியாக் குழாயில் மட்டும் கை வைக்க வேண்டாம்; அது விஷவாயு, மாடி வீட்டு மாமாவே தொட மாட்டார்.

விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. உஷ்ணம் போக வழி விடுகிறது, அவ்வளவுதான். இதை என் தாயாரிடம் சொன்னபோது, "அதைத்தானே நான் இத்தனை வருஷமா உன் கோபத்துக்குச் சொல்லிண்டிருக்கேன்!" என்றாள்.